ஐந்து தாளுக்கும் வரவில்லை

ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவளுக்குத் தெருவில் யாருடைய மார்க்கும் ரகசியமில்லை. கண்ணாடியில் கவிழ்த்து வைப்பதற்கு முன் ஒரு பார்வை பார்த்துவிடுவேன். பார்ப்பதில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். நல்ல மார்க் வாங்கினவர்கள் எழுத்து மேலே தெரியும்படி தாளை நீட்டுவார்கள். கம்மியாக வாங்கினவர்கள் நாலாக மடித்துக் கொண்டுவருவார்கள், மடிப்பில் மார்க் அழிந்துவிடும் என்ற நப்பாசையில். பதினேழு வருடத்தில் நான் எத்தனை மடிப்பை நீவி விட்டிருப்பேன் என்று எனக்கே தெரியாது.

கிளார்க்கம்மா மட்டும் இரண்டு விதத்திலும் சேராதவள். அவளுடைய ஆறு மார்க் ஷீட்டும் பிளாஸ்டிக் உறையில் வரிசையாக இருக்கும். அவற்றில் இருந்த மார்க்குகளுக்குத்தான் வரிசையே கிடையாது.

எங்கள் கட்டடத்தில் கீழே என் கடை, மூன்றாவது மாடியில் அவர்கள் வீடு. அவள் ஒரு பெண் வக்கீலிடம் பதினொரு வருடமாகக் கிளார்க். கணவர் லிஃப்ட் மெக்கானிக். தெருவில் இருவருக்கும் பெயரே கிளார்க்கம்மா, லிஃப்ட்காரர் என்றாகிவிட்டது. எங்கள் கட்டடத்தில் லிஃப்ட் கிடையாது என்பது தெருவின் நிரந்தரக் கேலி. ஊருக்கெல்லாம் லிஃப்ட் பார்க்கிறவர் பெண்டாட்டி தினமும் ஐம்பத்து நாலு படி ஏறுகிறாள் என்று எதிர்க்கடை டெய்லர் சொல்லாத வாரமில்லை. அவர்களுக்கு ஒரே மகள், பதினொரு வயது. அதிகம் பேசமாட்டாள். எது கிடைத்தாலும் படிப்பாள், பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கம் உட்பட.

கிளார்க்கம்மா கல்யாணத்துக்குப் பிறகு தபால் வழியில் டிகிரி முடித்தவள். ஆறு பருவம். முதல் மூன்றும் ஐம்பத்தைந்து, அறுபத்தெட்டு, எழுபத்து நாலு என்று ஏறிக்கொண்டே போயிருந்தது. நான்காவதில் ஐந்து தாளுக்கு நேராகவும் ‘வரவில்லை’. அடுத்த பரீட்சையோடு சேர்த்து அந்த ஐந்தையும் எழுதி, முப்பத்தாறு, முப்பத்தைந்து, நாற்பது என்று தப்பித்தோம் பிழைத்தோம் மார்க். ஒரே நேரத்தில் பத்துத் தாள் எழுதியதால் ஐந்தாம் பருவமும் நாற்பத்தாறோடு நின்றுவிட்டது. கடைசிப் பருவத்தில் எழுபத்தேழு. எல்லாவற்றையும் கூட்டி வகுத்தால் ஐம்பத்தொன்பது புள்ளி நாலு ஏழு.

“அறுபது வேணுமாம்க்கா” என்றாள். வெயில் கொளுத்திய ஒரு மத்தியானம், சாப்பாட்டு நேரத்தில் வந்திருந்தாள். “சட்டக் கல்லூரியில சாயங்கால வகுப்பு. எண்ட்ரன்ஸ்ல பதினொண்ணாவது எடம் வந்திருக்கேன்.”

“எத்தனை பேர் எழுதினாங்க?”

“எழுநூறுக்கு மேல.”

“அடிப்பாவி. இதை வந்ததும் சொல்ல மாட்டியா? மூஞ்சிய தொங்கப்போட்டுக்கிட்டு நிக்கிற.”

“சொல்லி என்ன? அறுபதுக்குக் கீழ இருக்கறவங்க காரணம் எழுதிக் குடுக்கணும்க்கா. ஒரே ஒரு பக்கம். ஒரு வரி கூடிப்போனாலும் படிக்கவே மாட்டாங்களாம். கூட ஆதாரமும் வெக்கணும்.”

“அடுத்த வருஷம் பாத்துக்கக் கூடாதா?”

“முப்பத்தெட்டு வயசு வரைக்கும்தான். எனக்கு அடுத்த மாசம் முப்பத்தொம்பது பொறக்குது.”

நான் அதற்குமேல் கேட்கவில்லை. அந்த ‘வரவில்லை’களின் கதை எனக்கும் தெரியும். ஐந்து வருடத்துக்கு முன்னால், பரீட்சைக்குக் கிளம்ப வேண்டிய காலையில் ஹால் டிக்கெட்டைக் காணோம். மூன்றாவது மாடியில் பீரோவை இழுத்த சத்தம் கடைவரை கேட்டது. ஹால் டிக்கெட் பரீட்சை அலுவலகத்தில் கையெழுத்துப் போட்டு முத்திரை குத்திக் கொடுத்தது. என்னிடம் ஓடிவந்து புதிதாக எடுத்துக்கொள்கிற காகிதமல்ல. மாற்றுச் சீட்டு கேட்டதற்கு ஒரு வாரம் ஆகும் என்றார்கள். பரீட்சை ஐந்து நாளில் முடிந்துபோனது.

இரண்டு நாள் கழித்து வக்கீல் ஆபீசுக்கு ஒரு கட்டு நகல் கொண்டுபோனேன். அங்கே இதே பேச்சுத்தான் ஓடிக்கொண்டிருந்தது. மின்விசிறிக் காற்றில் காகிதம் பறக்காமலிருக்க மேசை முழுக்கக் கல், பூட்டு, டீ கிளாஸ், கையில் கிடைத்ததையெல்லாம் வைத்திருந்தார்கள். வக்கீலம்மாவுக்கு எதையும் நயமாகச் சொல்லத் தெரியாது. அதனாலேயே அவரிடம் கட்சிக்காரர்கள் அதிகம்.

“நாப்பது சீட்டு. எண்ட்ரன்ஸ் மட்டும் பாத்தா நீ உள்ள. டிகிரி மார்க் மட்டும் பாத்தா நீ வெளிய. ரெண்டையும் சேத்துப் பாத்தா வாசப்படியில நிக்கிற” என்றார் வக்கீலம்மா. “உன்ன மாதிரி ஏறி எறங்கின மார்க்கோட வர்றவங்க அம்பது பேராவது இருப்பாங்க. அதுல நாலஞ்சு பேரைத்தான் எடுப்பாங்க. மார்க்குல எல்லாரும் ஒண்ணுதான். காரணத்தைப் பாத்துத்தான் பிரிப்பாங்க. நீ என்ன எழுதியிருக்க?”

“ஹால் டிக்கெட்டைத் தொலைச்சிட்டேன்னு எழுதியிருக்கேன் மேடம். என் கவனக்குறைவால.”

“கிழிச்சுப் போடு.”

“நடந்தது அதானே மேடம்?”

“ஏம்மா, நாளைக்குக் கட்சிக்காரன் வீட்டுப் பத்திரத்தை உங்கிட்ட குடுப்பான். நான் காகிதத்தைத் தொலைக்கிறவன்னு நீயே கையெழுத்துப் போட்டுக் குடுத்தா எவன் சீட்டு தருவான்? ஒடம்பு சரியில்லன்னு எழுதினவன், வீட்ல சாவுன்னு எழுதினவன், வேலை போச்சுன்னு எழுதினவன் எல்லாம் உனக்கு முன்னால நிப்பான்.”

“எங்க வீட்ல யாரும் சாகலியே மேடம்.”

“அது தெரியுது” என்று சொல்லிவிட்டு வக்கீலம்மா நகல்களை எண்ண ஆரம்பித்தார். பதினோராவது பக்கம் சாய்ந்திருக்கிறது என்று என்னைத் திருப்பி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை நான் மூன்றாவது மாடிக்கு ஏற வேண்டியதாயிற்று. நகலை எடுத்துக்கொண்டு அசலைக் கண்ணாடியிலேயே விட்டுப்போவது என் கடைக்கு வருகிறவர்களின் பொதுவியாதி. கிளார்க்கம்மா கூட அன்று தன் பிறப்புச் சான்றிதழை விட்டுப்போயிருந்தாள். அவ்வளவு கலங்கிப்போயிருந்தாள் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீடு ஒன்றரை அறை. அரை அறையில் அடுப்பும் குளிர்சாதனப் பெட்டியும். முட்டை வெந்துகொண்டிருந்தது. லிஃப்ட்காரர் தரையில் பழைய செய்தித்தாளை விரித்து ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அவர் விரல் இடுக்கிலிருந்து கிரீஸ் போய் நான் பார்த்ததில்லை. மகள் ஜன்னலோரம் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். கிளார்க்கம்மா கட்டிலில் உட்கார்ந்து மடியில் அட்டை வைத்து எழுதுவதும் அடிப்பதுமாக இருந்தாள்.

“வாங்கக்கா. நீங்களாவது சொல்லுங்க இவளுக்கு” என்றார் அவர். “எங்க ரிஜிஸ்டர்ல மூணு கட்டம் உண்டு. என்ன பழுது, என்ன காரணம், என்ன செஞ்சோம். காரணம் எழுதாம விட்டா இன்ஸ்பெக்டர் பேனாவால சுழிச்சுட்டுப் போவாரு. தெரியலன்னும் எழுதக் கூடாது. அப்ப நாங்க என்ன எழுதுவோம்? கரண்ட் ஏத்த எறக்கம். முடிஞ்சுது. அதைப் பத்தி ஒருத்தரும் கேக்க மாட்டாங்க.”

“உங்களுக்குக் கரண்ட். எனக்கு?” என்றாள் அவள், தலை நிமிராமல்.

“மஞ்சக்காமாலை. ஒரு மாசம் படுக்கை. நான் லிஃப்ட் பாக்குற ஆஸ்பத்திரி ஒண்ணு இருக்குல்ல, அங்க கேட்டா ஒரு சர்டிஃபிகேட் கெடைக்காதா?”

“அந்த மாதிரி சர்டிஃபிகேட்டோட வர்றவங்களை நாங்க ஆபீஸ்ல வாரத்துக்கு ரெண்டு பேர் பாக்குறோம். எல்லாருமே தேதியிலதான் மாட்டுவாங்க. நான் காமாலையில படுத்திருந்ததா எழுதப்போற மாசத்துல ஆபீஸ் ரிஜிஸ்டர்ல தெனம் கையெழுத்துப் போட்டிருக்கேன்.”

“அதையெல்லாம் எவன் போய்ப் பாப்பான்?”

“நான் பாப்பேங்க. சட்டம் படிக்கப்போற எடத்துக்குப் பொய்க் காகிதத்தோட போனா, அப்புறம் அங்க உக்காந்து நான் என்னத்தைப் படிக்கிறது?”

லிஃப்ட்காரர் என்னைப் பார்த்தார். நான் முட்டையைப் பார்த்தேன். புருஷன் பெண்டாட்டிக்கு நடுவில் வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்ளும் வயதை நான் தாண்டியாகிவிட்டது.

“சரி, என்னதான் எழுதியிருக்க? படி” என்றார்.

அவள் படித்தாள். ‘தேர்வு நாளன்று காலை நுழைவுச்சீட்டு என் பையில் இல்லை. அதைப் பத்திரமாக வைக்காதது முழுக்க என் கவனக்குறைவே. இதில் வேறு எவர்மீதும் தவறில்லை.’

“வேற எவர்மீதும்னு எதுக்கு எழுதணும்?” என்றார் அவர்.

அவள் ஜன்னல் பக்கம் ஒரு கணம் பார்த்தாள். மகள் அடிக்கோலை வைத்து நிதானமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தாள். குரலைத் தாழ்த்தி, “புள்ள எடுத்து வெளையாடித் தொலைச்சிட்டான்னு எழுதச் சொல்றீங்களா? எழுத மாட்டேன். ஆறு வயசுக் கொழந்தை மேல பழி போட்டு எனக்கு சீட்டு வேண்டாம்” என்றாள்.

லிஃப்ட்காரர் துடைத்துப் பளபளப்பாக்கி வைத்த ஸ்க்ரூடிரைவரை மறுபடி எடுத்துத் துடைத்தார். பெண்டாட்டி தன் யோசனையைத் தட்டிவிட்ட கோபம் என்று நான் நினைத்தேன். நான் மனிதர்களைக் காகிதத்தில் மட்டும் சரியாகப் படிக்கிறவள்.

புதன்கிழமை மழை பிடித்துக்கொண்டது. வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் விண்ணப்பம் சேர வேண்டும். தெருவில் முழங்கால் தண்ணீர். கடைக்கு ஆள் வரவில்லை. ஈரத்தில் காகிதம் சுருண்டு மெஷினில் சிக்கும் என்பதால் கட்டுகளைப் பிரித்து விளக்கு வெளிச்சத்தில் விசிறிவிட்டுக்கொண்டிருந்தேன். நாலரை மணிக்கு லிஃப்ட்காரர் வந்தார். சீருடை சொட்டச் சொட்ட நனைந்திருந்தது. சட்டைக்குள்ளிருந்து ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்தார். அதற்குள் ஒரு வயரிங் வரைபடம், அதன் மடிப்புக்குள் இருந்து ஒரு காகிதம்.

“இதுல ஒரு காப்பி போடுங்கக்கா.”

முதலில் போட்டோவைத்தான் பார்த்தேன். கிளார்க்கம்மா, ஐந்து வருடம் இளையவள், இரண்டு காதும் தெரியும்படி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழே அலுவலரின் கையெழுத்து, ஊதா முத்திரை. முத்திரை மங்கக்கூட இல்லை.

“எங்க இருந்துச்சு இது?”

“பதினோரு மாடிக் கட்டடம் ஒண்ணு பாக்குறேன்ல, அதோட மெஷின் ரூம்ல. கண்ட்ரோல் பேனல் கதவுக்கு உள்பக்கம் ஒரு பை இருக்கும், வரைபடம் வெக்கிறதுக்கு.”

“அங்க எப்படிப் போச்சு?”

அவர் வாயைத் திறப்பதற்குள் வாசலில் குடை மடங்கும் சத்தம் கேட்டது. கிளார்க்கம்மா அன்று சீக்கிரம் வந்துவிட்டிருந்தாள், கடைசி வடிவத்தைத் தட்டச்சு செய்ய. என் கையில் இருந்ததைப் பார்த்தாள். கிட்டே வந்து வாங்கி, விளக்குக்கு நேராகப் பிடித்துப் பார்த்தாள். பின்பக்கமும் திருப்பிப் பார்த்தாள். லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை.

நான் ஒரு கூச்சலை எதிர்பார்த்தேன். அவள் என் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள்.

“எத்தனை மணிக்கு எடுத்தீங்க?”

“காலையில. ஒரு ஆறு மணி இருக்கும். நீ குளிச்சிட்டு இருந்த.”

“எங்க இருந்து?”

“உன் பையில இருந்து. முன்பக்க ஜிப்பு.”

“ஏன்?”

அவர் தரையைப் பார்த்தார். உடம்பிலிருந்து சொட்டிய தண்ணீர் காலடியில் குளமாகிக்கொண்டிருந்தது. “அந்தக் கட்டடத்துல ரெண்டு ஆபீசர்ங்க. முந்தின நாள் லிஃப்ட்டுக்குள்ள என்னை வெச்சுக்கிட்டே சிரிச்சாங்க. உங்க வீட்ல பெரிய படிப்பு படிக்கிறாங்களாமே, நீ பத்தாவதுன்னு அவங்களுக்குத் தெரியுமா, வக்கீலானதும் மொத நோட்டீஸ் உனக்குத்தான்னு. வெளையாட்டாத்தான் சொன்னாங்க. எனக்குத்தான் ராத்திரி பூரா மண்டைக்குள்ளயே ஓடிச்சு. ஒரே ஒரு பேப்பர் போனா போவட்டும், சாயங்காலம் கெடைச்சிடுச்சுன்னு குடுத்துடலாம்னு நெனச்சேன்.”

“சாயங்காலம் ஏன் குடுக்கல?”

“எப்படிக் குடுக்கிறது? அதுக்குள்ள நீ பாப்பாவை அடிச்சிட்ட.”

எனக்கு இப்போது ஞாபகம் வந்தது. பீரோ சத்தத்துக்குப் பிறகு அன்று குழந்தை அழுதது. கன்னத்தில் விரல் பதிந்திருந்ததை அடுத்த நாள் பள்ளிக்கூடம் போகும்போது பார்த்தேன். கேட்கவில்லை.

“நீ அடிச்சப்ப நான் வேலையில இருந்தேன்” என்றார் அவர். “வந்து பாத்தா கன்னம் வீங்கியிருக்கு. இப்ப எடுத்து நீட்டினா, நான் செஞ்சதுக்குப் புள்ள அடி வாங்கிச்சுன்னு ஆகும். பயந்துட்டேன். அப்புறம் ஒவ்வொரு நாளும் தள்ளிப்போட்டு அஞ்சு வருஷம் ஆயிடுச்சு. மாசத்துக்கு ரெண்டு தடவை அந்தக் கதவைத் தொறக்கிறேன். ஒவ்வொரு தடவையும் பாக்குறேன். கிழிச்சுப் போடவும் மனசு வரல.”

“எனக்கு அன்னிக்கிக் காய்ச்சலே வந்துச்சு” என்றாள் அவள். “நீங்கதான் மாத்திரை வாங்கிட்டு வந்தீங்க.”

“ஆமா.”

“மாத்திரை வாங்கிட்டு வந்து, பொறுப்பு வேணும்னு எனக்கே புத்தி சொன்னீங்க.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

நானாக இருந்தால் கையில் கிடைத்த ஸ்டேப்ளரை எடுத்து அடித்திருப்பேன். எனக்கு அப்படியொரு ஆத்திரம் வந்தது. கிளார்க்கம்மா எழுந்து கணினி முன்னால் போய் உட்கார்ந்தாள். “அக்கா, புதுசா ஒரு பக்கம் தொறந்து குடுங்க” என்றாள். அவள் குரலில் அழுகை இல்லை என்பதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் தன் கடிதத்தை எழுதவில்லை. காரணம் கேட்ட அந்த ஒரு பக்கத்தில் அவர் வாக்குமூலத்தையே எழுதினாள். அவர் நனைந்த உடையோடு பக்கத்தில் நின்றார். ‘நான் மேற்படி விண்ணப்பதாரரின் கணவர்’ என்று ஆரம்பித்து ஒவ்வொரு வரியையும் வாய்விட்டுச் சொல்லித் தட்டினாள். “இது சரியா?” என்று கேட்டாள். அவர் “சரி” என்ற பிறகே அடுத்த வரிக்குப் போனாள். ஓரிடத்தில், “பொறாமைன்னு போடலாமா, கோபம்னு போடலாமா?” என்றாள். அவர் நெடுநேரம் யோசித்து, “அவமானம்னு போடு” என்றார். அவள் அப்படியே போட்டாள். காரணம் எழுதத் தெரிந்தவர்தான், எழுத ஐந்து வருடமாயிற்று.

எண்ட்ரன்ஸில் பதினொன்றாவது வந்ததையும் கடைசிப் பருவத்து எழுபத்தேழையும் இரண்டு வரியில் போட்டாள். கடைசியில் இன்னொரு வரி சேர்த்தாள். ‘மேற்படி நுழைவுச்சீட்டை எங்கள் மகள் தொடவில்லை. அவள்மீது எந்தத் தவறும் இல்லை.’

அந்த வரியால் பக்கம் நிரம்பி இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. அடுத்த நாள் வக்கீலம்மாவிடம் முத்திரை வாங்கப் போனபோது நானும் போனேன். லிஃப்ட்காரர் எங்கள் பின்னால் வந்தார். வக்கீலம்மா வாக்குமூலத்தை இரண்டு தடவை படித்தார். கண்ணாடிக்கு மேலாக லிஃப்ட்காரரை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அவர் தாடையைச் சொறிந்துகொண்டார்.

“அடையாள அட்டை எடுத்துட்டு வந்தீங்களா? எந்த மெஷின் ரூம்லயும் வெச்சிடலியே?” என்றார் வக்கீலம்மா.

பிறகு கிளார்க்கம்மாவிடம் திரும்பினார். “நல்ல காரணம். ஆதாரமும் இருக்கு. ஆனா இந்தக் கடைசி வரி எதுக்கு? புள்ளையப் பத்தி யார் கேட்டா? அதை எடுத்துடு, பக்கம் சரியா வந்துடும்.”

“அந்த வரி இருக்கட்டும் மேடம். வேற எதையாவது எடுத்துடறேன்.”

“வேற எதை எடுப்ப? எல்லாமே வேணும்.”

“எண்ட்ரன்ஸ்ல பதினொண்ணாவது வந்தது, கடைசிப் பருவத்துல எழுபத்தேழு வாங்கினது, அந்த ரெண்டு வரியை எடுத்துடறேன்.”

“உனக்கென்ன பைத்தியமா? உன் பக்கம் இருக்கறதே அந்த ரெண்டு வரிதான். அம்பது காகிதத்தைக் கையில வெச்சிருக்கறவன், உன் மார்க் ஷீட்டைத் தனியா தேடி எடுத்துப் பாப்பான்னு நெனைக்கிறியா?”

“தெரியும் மேடம். பாக்கலேன்னா போகட்டும்.”

வக்கீலம்மாவிடம் யாரும் இப்படிப் பிடித்த பிடியில் நின்று நான் பார்த்ததில்லை. அவர் பேனாவைக் கீழே போட்டார், மறுபடி எடுத்தார். அந்த இரண்டு வரியை எடுத்து மறுபடி அச்செடுத்து வந்ததும் முத்திரையைக் கொஞ்சம் ஓங்கியே குத்தினார்.

விண்ணப்பம் வெள்ளிக்கிழமை மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தது. அதன் பிறகு மூன்று வாரம் அந்த வீட்டில் எப்படி ஓடியது என்று எனக்கு முழுதாகத் தெரியாது. லிஃப்ட்காரர் தினமும் பால், ரொட்டி வாங்கிக்கொண்டு படியேறினார். அவர் சமைத்த வாசம் வந்தது. தீய்ந்த வாசமும் வந்தது. அவள் அவரோடு தேவைக்கு மட்டும் பேசினாள். மகளிடம் எதையும் சொல்லவில்லை.

“ஏன் இன்னும் சொல்லல?” என்று நான் ஒருநாள் கேட்டேவிட்டேன்.

“சீட்டு கெடைக்கட்டும்க்கா. கெடைக்கலேன்னா, அப்பாவாலதான் அம்மாவுக்குப் போச்சுன்னு அது மனசுல நிக்கும். கெடைச்சப்புறம் சொன்னா சும்மா நடந்த ஒரு விஷயமா போயிடும்” என்றாள்.

நேர்காணலுக்குக் கூப்பிட்டார்கள். மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்களாம். நடுவில் இருந்தவர் காகிதத்தைத் திருப்பி, “இந்தக் கடைசி வரிக்கும் எங்களுக்கும் என்னம்மா சம்பந்தம்?” என்று கேட்டாராம். “சம்பந்தம் இல்லைங்க. அது எங்க வீட்டுல ஒருத்திக்காக எழுதினது. முத்திரை குத்தின காகிதத்துல இருக்கணும்னு நெனச்சேன்” என்று இவள் சொன்னாளாம். அவர்கள் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. வெளியே வந்ததும் எல்லாம் முடிந்துவிட்டது என்றே நினைத்திருக்கிறாள். முதல் பட்டியலில் அவள் பெயர் வரவும் இல்லை. அன்று என் கடைக்கு வராமல் நேராகப் படியேறிப் போனாள்.

இரண்டாம் பட்டியலை நான்தான் முதலில் பார்த்தேன். காலையிலிருந்து கணினியைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வேறு வேலை செய்யவில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். நாற்பதில் முப்பத்தெட்டாவது பெயர். மூன்று தடவை அச்செடுத்தேன், ஒன்று போதும் என்று தெரிந்தும். எனக்கு அழுகை வந்துவிட்டது. யாருக்கும் தெரியாமல் துடைத்துக்கொண்டேன்.

மாலை ஐந்தரைக்கு அவள் ஆபீசிலிருந்தும் மகள் பள்ளியிலிருந்தும் சேர்ந்தாற்போல் வந்தார்கள். அச்செடுத்ததை நீட்டினேன். அவள் தன் பெயரை விரலால் தொட்டுப் பார்த்தாள். அடுத்த பட்டியல் தேதி, சேர வேண்டிய தேதி, கொண்டுவர வேண்டிய அசல்கள், எல்லாவற்றையும் படித்து முடித்த பிறகுதான் சிரித்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

பிறகு பையிலிருந்து வாக்குமூலத்தின் நகலை எடுத்து மகளிடம் கொடுத்தாள். “இதைப் படிடா. அம்மா உன்கிட்ட மன்னிப்புக் கேக்கணும். அதுக்கு முன்னாடி நீ இதைப் படிக்கணும்.”

அடுத்த நாள் வேலைக்காக மெஷின் சூடாகி ஓடிக்கொண்டிருந்தது. பெண் எதையும் படிப்பதுபோல் இதையும் மேலிருந்து கீழாக, ‘மேற்படி’ ஒவ்வொன்றையும் விடாமல் படித்தாள். கடைசி வரிக்கு வந்ததும் நிமிர்ந்தாள்.

“இது எனக்குத் தெரியுமேம்மா.”

“எது?”

“அப்பாதான் எடுத்தாருன்னு. நான் அப்பவே முழிச்சிட்டேன். பையைத் தொறந்து எடுத்து, மடிச்சு, சட்டைப் பையில வெச்சாரு.”

கிளார்க்கம்மா கையிலிருந்த பட்டியலை மேசைமேல் வைத்தாள்.

“அப்ப ஏன்டா சொல்லல? அவ்ளோ அடி வாங்கினியே, ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“நீ அதைக் கேக்கவே இல்லியே.”

“என்ன கேக்கல?”

“யார் எடுத்தாங்கன்னு கேக்கல. எங்க வெச்ச, எங்க வெச்சன்னுதான் கேட்ட. நான் எங்கயும் வெக்கல. தெரியலன்னு சொன்னேன். பொய் சொல்றியான்னு அடிச்ச.”

பெண் குறை சொல்லும் குரலில் சொல்லவில்லை. பள்ளியில் நடந்ததைச் சொல்வதுபோல் சாதாரணமாகச் சொன்னாள். நகலை மடிப்பு மாறாமல் மடித்துத் திருப்பிக் கொடுத்தாள். கிளார்க்கம்மா அதை வாங்கவில்லை. எங்கே பார்ப்பது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்தாள். அந்த வாக்குமூலத்துக்காக அவள் கணவரிடம் எத்தனை மணிக்கு, எங்கிருந்து, ஏன் என்று ஒன்று விடாமல் கேட்டிருந்தாள்.

பிறகு என் ஸ்டூலை இழுத்து, மகளுக்கு எதிரில், அவள் உயரத்துக்கு உட்கார்ந்தாள்.

“சரி” என்றாள். “இப்பக் கேக்கறேன். அன்னிக்கி நீ என்ன பாத்த? மொதல்ல இருந்து சொல்லு.”

பெண் சொல்ல ஆரம்பித்தாள். மெஷின் சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை. நான் எழுந்துபோய் அதை அணைத்தேன்.